நாய் உறுமுதுன்னு ட்ரெய்னர் கூப்பிடப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

பன்னெண்டாயிரம் ரூபா போச்சு, கட்டைவிரல் அடியில ரெண்டு பல் பதிஞ்ச தழும்பு இருக்கு, அதெல்லாம் கூட விடுங்க, நல்லா இருந்த நாயை நானே காசு குடுத்து கெடுத்தேன் பாருங்க, அதுதான் ஆறவே மாட்டேங்குது.

எங்க மணி தெருவுல எடுத்த குட்டி, இப்போ ரெண்டு வயசு. தங்கமான பய, ஆனா சாப்பாட்டுத் தட்டு கிட்ட மட்டும் யாரும் போகக்கூடாது. ஞாயித்துக்கிழமை மட்டன் எலும்பு போட்டா இன்னும் மோசம் (வேகவெச்ச எலும்பு சிம்பு சிம்பா உடைஞ்சு குடல்ல குத்தும், போடவே கூடாதுன்னு அப்புறம்தான் டாக்டர்கிட்ட திட்டு வாங்கித் தெரிஞ்சுக்கிட்டேன்). கிட்ட போனா மெல்லறது நிக்கும், உடம்பு கட்டையாயிடும், தலை தட்டுலயே இருக்க கண்ணு மட்டும் வெள்ளை தெரியத் திரும்பும், அப்புறம் ஒரு உறுமல். அக்கா பொண்ணுக்கு நாலு வயசு, வாராவாரம் வருவா, அந்த பயத்துலதான் ட்ரெய்னர் தேடினோம்.

வந்தவரு ஆள் பாக்க டிப்டாப்பா இருந்தாரு. பத்து கிளாஸ், முழுப் பணமும் முன்னாடியே ஜிபே, செயின் அவர்கிட்டதான் வாங்கணும், அது தனியா தொள்ளாயிரம். "உங்களை இவன் லீடரா நினைக்கல சார், வீட்டுல இவன்தான் ஆல்ஃபா, ஓநாய்க் கூட்டத்துல இப்படித்தான்"னு ஒரே லெக்சர். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். அந்த ஓநாய்க் கதை, முன்பின் தெரியாத ஓநாய்ங்களை ஒரே கூண்டுல அடைச்சு வச்சுப் பாத்து எழுதினதாம், அதைப் பரப்பினவர்ல ஒருத்தரான ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் (Mech) 1999ல காட்டுல இருக்கறது வெறும் அப்பா அம்மா குட்டிங்க குடும்பம்தான்னு எழுதிட்டாராம், இதெல்லாம் கடிபட்ட அப்புறம் உக்காந்து படிச்சது.

அவரோட வைத்தியம் என்னன்னா, மணி சாப்பிடறப்போ தட்டுல கையை விட்டு எடுக்கறது, உறுமினா சோக் செயினை (இழுத்தா கழுத்தை இறுக்கற செயின்) வெடுக்குனு இழுக்கறது, அடங்கலன்னா தரையில சாய்ச்சு அமுக்கறது. மூணாவது கிளாஸ்ல மணி ஒண்ணுக்கே போயிட்டான். நான் "மாஸ்டர் போதுமே"ன்னு இழுத்தேன், "பாவம் பாத்தீங்கன்னா நாளைக்கு குழந்தையைக் கடிக்கும்"னு வாயை அடைச்சுட்டாரு. அஞ்சாவது கிளாஸ்ல உறுமல் சுத்தமா நின்னுடுச்சு, வீடே சந்தோஷம், அவரு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் கூட வச்சாரு.

ஒரு வாரம் கூட ஆகல. தயிர்சாதம் தட்டைத் தள்ளி வைக்கலாம்னு குனிஞ்சேன், சத்தமே இல்ல, ஒரே கவ்வு. ஹாரன் வயரைப் புடுங்கிட்டு இனிமே வண்டி இடிக்காதுன்னு நம்பின கதைதான் எங்க கதை. பயம் உள்ளயே இருந்திருக்கு, சொல்றதை மட்டும் நிறுத்திட்டான். சோப்பு போட்டு கால் மணி நேரம் பைப்புல கழுவிட்டு ஜிஎச் ஓடினேன், அன்னிக்கு ஒரு ஊசி, அப்புறம் 3, 7, 28ம் நாள்னு வரச் சொன்னாங்க. நம்ம வீட்டு நாய், தடுப்பூசி போட்டதுன்னு தயவுசெஞ்சு சும்மா இருந்துடாதீங்க.

போன் பண்ணினா "உங்க எனர்ஜி சரியில்ல சார்"னு சொன்னாரு. மீதி கிளாஸ் காசு கேட்டேன், பிளாக். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ல அடிக்கறது குத்தம்தான், ஆனா முதல் தடவைக்கு அபராதம் பத்துல இருந்து அம்பது ரூபாதான்னு தெரிஞ்சப்போ சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

இப்போ பாக்கறவங்க வெட்னரி டாக்டர் சொல்லி வந்தவங்க, செயினே கிடையாது. மணி சாப்பிடறப்போ எட்டடி தள்ளி நடந்து, வேகவெச்ச சிக்கன் ஒரு துண்டு தட்டுப் பக்கம் போட்டுட்டு நிக்காம போயிடணும், அவ்ளோதான். அவன் வாலை ஆட்டிட்டு "எங்கடா சிக்கன்"னு நிமிந்து பாக்க ஆரம்பிச்சாதான் அடுத்த அடி கிட்ட, உடம்பு இறுகினா திரும்ப ரெண்டடி பின்னாடி. ஆள் வந்தா இருக்கறது போகும்னு அவன் மனசுல இருக்கு, ஆள் வந்தா இன்னும் நல்லது வரும்னு மாத்தணும். வாயில செருப்பு இருந்தா புடுங்கறதில்ல, ஈரல் துண்டை மூக்குகிட்ட காட்டி "விடு", விட்டதும் ஈரல், அவனோட பொம்மையா இருந்தா அதையும் திருப்பிக் குடுத்துடணும். எட்டடியில இருந்து ரெண்டடிக்கு வர மூணு மாசமாச்சு, நடுவுல ஒரு தீபாவளி வெடியில எல்லாம் போயி முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். பாப்பா வந்தா இன்னிக்கும் மணிக்கு சாப்பாடு பின்கட்டுல, கதவு சாத்திட்டுதான்.

அதனால அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "நாய் தப்பு பண்ணினா என்ன பண்ணுவீங்க?" ஆல்ஃபா, லீடர், கரண்ட் காலர்னு ஆரம்பிச்சா டீ குடுத்து அனுப்பிடுங்க. முதல் கிளாஸ்லயே நாய் வால் கால் நடுவுல போச்சுன்னா அங்கயே நிறுத்துங்க, நான் நிறுத்தல.

ஆள் பேரு கமெண்ட்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். தொள்ளாயிர ரூபா செயின் மட்டும் வீண் போகல, மொட்டைமாடி கதவுக்குப் பூட்டு போட மாட்டியிருக்கேன்.