பவர் பிரஸ் விபத்து: எந்த விசாரணை முறை எதைக் கண்டுபிடிக்கும், எங்கே கோட்டை விடும்?

"காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. நடவடிக்கை: எச்சரிக்கப்பட்டார், பயிற்சி அளிக்கப்பட்டது." உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ்கள் ஓடும் பிரஸ் ஷாப்களில் விபத்து விசாரணைப் படிவம் அடிக்கடி இந்த இரண்டு வரிகளோடு மூடப்படும். எழுதியவர் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. அவர் பயன்படுத்திய முறை அந்த இடத்தில் நிற்க அனுமதித்தது, அவரும் நின்றார். விசாரணை முறைகளுக்குள் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான்: எந்த முறை உங்களை எவ்வளவு சீக்கிரம் நிற்க விடுகிறது?

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஹைன்ரிக், விபத்துகளில் 88 சதவீதம் ஆட்களின் ஆபத்தான செயல்களால் நேர்கின்றன என்று 1931-ல் எழுதினார். அவர் ஆராய்ந்தவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலைப் பதிவுகளும். அவற்றில் பெரும்பாலும் காரணம் எழுதியவர்கள் மேற்பார்வையாளர்கள். மேற்பார்வையாளர் தன் பெயரைக் காரணமாக எழுதுவாரா என்ன?

முறைகளை ஒப்பிட ஒரு மாதிரி விபத்தை எடுத்துக்கொள்வோம். வாகன உதிரிபாகப் பட்டறை. 63 டன் சி-பிரேம் பவர் பிரஸ், காற்றழுத்த கிளட்ச். இரவு ஷிப்டில் மூன்று மணிக்கு பிராக்கெட் ஒன்று டையில் (வடிவம் தரும் அச்சில்) ஒட்டிக்கொள்கிறது. ஆபரேட்டர் கையை விட்டு எடுக்கிறார். கால் பெடலில் இருக்கிறது. ராம், அதாவது மேலிருந்து அடிக்கும் பகுதி, இறங்குகிறது. இரண்டு விரல் நுனிகள் போகின்றன. பிரஸ்ஸில் இரு கை பட்டன் (இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ராம் இறங்கும்) உண்டு, ஒளித்திரை சென்சாரும் (ஒளிக்கற்றையைக் கை மறித்தால் ராமை நிறுத்துவது) உண்டு. எதைக் கொண்டு இயக்குவது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்ச் 'பெடல்' நிலையில், சென்சார் பைபாஸில் (வேலை செய்யாதபடி விலக்கி வைக்கப்பட்டு). கதை கற்பனை. ஆனால் வாகனத் துறைத் தொழிலாளிகளின் காயங்களை 2019 முதல் அறிக்கைகளாக வெளியிட்டுவரும் சேஃப் இன் இந்தியா அமைப்பின் பதிவுகளில் விரல் பறிக்கும் இயந்திரங்களில் பவர் பிரஸ்தான் முன்னால் நிற்கிறது.

எந்த முறையானாலும் முதல் ஒரு மணி நேரம்

காயம்பட்டவரை அனுப்பியதும் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். ராம் எங்கே நின்றதோ அங்கேயே இருக்கட்டும். செலக்டர் சாவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சாவி அதிலேயே தொங்குகிறதா, ஸ்ட்ரோக் (ராம் ஒருமுறை இறங்கி ஏறுவது) கவுண்டர் எண், காற்றழுத்தமானி காட்டும் அளவு, பெடலுக்கு மேல்மூடி உண்டா இல்லையா, எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட பீஸைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் கெடுப்பது நல்லெண்ணம்தான்: மெயின்டெனன்ஸ் ஆள் ஓடிவந்து பிரேக்கை இறுக்கி, சென்சாரை ஆன் செய்து, "இப்ப சரியா இருக்கு" என்பார். பிறகு எந்த முறையைக் கொண்டு தோண்டினாலும் கிடைப்பது சரிசெய்யப்பட்ட இயந்திரம் மட்டும்.

வாக்குமூலத்தைத் தனித்தனியாக வாங்க வேண்டும். "ஏன்டா உள்ளே கையை விட்டே?" என்று கேட்டால் மன்னிப்புதான் பதிலாக வரும். "பீஸ் மாட்டிக்கிட்டா இங்க வழக்கமா என்ன பண்ணுவீங்க தம்பி?" என்று கேட்டால் தகவல் வரும். ஆபரேட்டர் ஒடியாவோ இந்தியோ பேசுபவர் என்றால் மொழிபெயர்க்க ஒப்பந்தக்காரரின் ஆளை வைக்கக் கூடாது. அவன் முன்னால் யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

ஐந்து 'ஏன்': மலிவு, வேகம், வழுக்கல்

டொயோட்டாவில் பிறந்த முறை. அரை மணி நேரமும் ஒரு வெள்ளைப் பலகையும் போதும். நம் விபத்தில் இப்படி ஓடும்: விரல் ஏன் நசுங்கியது? கை டைக்குள் இருந்தது. ஏன் இருந்தது? பீஸ் மாட்டியது. ஏன் கையால் எடுத்தார்? இடுக்கியைப் பயன்படுத்தவில்லை. ஏன்? பயிற்சி இல்லை. கோப்பு மூடல்.

இதே சங்கிலியை இன்னொருவர் வேறு பக்கம் இழுக்கலாம். பீஸ் ஏன் மாட்டியது? பீஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஏன் மாற்றவில்லை? ஸ்ட்ரோக் கணக்கு வைத்து மாற்றும் வழக்கமே இல்லை. மூன்றாமவர், ராம் ஏன் இறங்கியது என்று தொடங்கி, மணிக்கு இத்தனை பீஸ் என்ற இலக்கைப் பெடல் வேகத்தை வைத்தே நிர்ணயித்திருக்கிறார்கள் என்ற இடத்தில் முடிப்பார். மூன்றும் உண்மை. ஐந்து 'ஏன்' ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போகும் முறை. எந்த நூல் என்பதைக் கேட்பவரின் பதவி தீர்மானித்துவிடுகிறது.

இதை விடாமல் பயன்படுத்துவோர் இரண்டு விதிகளைச் சேர்த்துக்கொண்டால் பாதி ஆபத்து குறையும். ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே ஒரு சான்று இருக்க வேண்டும்: படம், பதிவேடு, அளவீடு. பதில் ஒரு ஆளின் பெயரில் போய் நின்றால், அவர் இடத்தில் அதே ஷிப்டில் வேறொரு அனுபவசாலி இருந்திருந்தாலும் இதையே செய்திருப்பாரா என்று கேட்க வேண்டும். 'ஆமாம்' என்றால் காரணம் ஆளில் இல்லை, இன்னும் கீழே போக வேண்டும்.

மீன்முள் வரைபடம்

கவோரு இஷிகாவாவின் பெயரால் அறியப்படுவது. ஆள், இயந்திரம், பொருள், முறை என்று முட்கள் போட்டு எல்லாரும் சொல்வதை எழுதுவது. உற்பத்தி, மெயின்டெனன்ஸ், டூல் ரூம் மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைக்க இது நல்ல சாக்கு. அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம். முப்பது காரணங்கள் ஒரே தடிமனில் நிற்கும், எது உண்மையில் நடந்தது, எது நடந்திருக்கலாம் என்ற பிரிவு இருக்காது. 'ஆள்' என்ற முள்தான் எப்போதும் நீளமாக வளரும்.

காலவரிசை அட்டவணை: சலிப்பான வேலை, அதிக விளைச்சல்

பெரிய தாளில் இடப்பக்கம் வரிசையாக ஆபரேட்டர், செட்டர் (டையை மாற்றிப் பொருத்துபவர்), சூப்பர்வைசர், மெயின்டெனன்ஸ், பிரஸ் என்று எழுதுங்கள். பிரஸ்ஸும் ஒரு பாத்திரம்தான். மேலே நேரம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர், ஒரு செயல். 'கவனிக்கவில்லை', 'முறையாகச் செய்யவில்லை' போன்ற சொற்களுக்கு இதில் இடமில்லை. நடக்காததை எழுதக் கூடாது, நடந்ததை மட்டும்தான். இந்த ஒரு கட்டுப்பாடே தீர்ப்பு எழுதும் ஆசையைத் தள்ளிப்போடும்.

நம் மாதிரியில் இது தோண்டி எடுப்பது: இரவு 9:40-க்கு டை மாற்றம். ட்ரையல் எடுக்கும்போது நீளமான ஸ்ட்ரிப் ஒளித்திரையை மறித்ததால் செட்டர் சென்சாரைப் பைபாஸ் செய்தார், செலக்டரைப் பெடலுக்குத் திருப்பினார். ட்ரையல் சரியாக வந்தது. 10:15-க்கு அடுத்த பிரஸ்ஸில் பிரச்சினை என்று அழைப்பு வர அங்கே போனார். சாவி அங்கேயே. உற்பத்தி தொடங்கியது. அதாவது விரலை எடுத்த நிகழ்ச்சி அது நடப்பதற்கு ஐந்து மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டது. ஐந்து 'ஏன்' மூன்று மணியிலிருந்து பின்னோக்கி நடப்பதால் இந்தச் செட்டரைப் பார்க்காமலே போய்விடலாம். காலவரிசையில் அவருக்கென்று ஒரு வரிசை இருப்பதால் அந்தக் கட்டம் காலியாகத் தெரிந்து கேள்வி கேட்க வைக்கும்.

குறை: ஒரு முழு நாள் பிடிக்கும். ஏன் என்ற கேள்விக்கு இது தானாகப் பதில் சொல்லாது. இரண்டு பேர் சொல்லும் நேரம் பொருந்தாவிட்டால் யாரையும் பொய்யராக்காமல் கவுண்டர் எண், கேட் பதிவு, சிசிடிவி நேரம் ஆகியவற்றோடு ஒத்துப்பார்க்க வேண்டும். சிசிடிவி கடிகாரம் பத்து நிமிடம் முன்னே பின்னே ஓடுவது சாதாரணம், அதையும் முதலில் சரிபாருங்கள்.

தடுப்பரண் அலசல்: பிரஸ்ஸுக்கு ஏற்றது இதுவே

கேள்வி எளிது: ராமின் சக்திக்கும் விரலுக்கும் நடுவே என்னென்ன தடுப்புகள் இருந்திருக்க வேண்டும்? ஒவ்வொன்றும் இருந்ததா, இயங்கியதா, இயங்கியும் போதவில்லையா? மூன்று விடைகளுக்கும் மூன்று வேறு தீர்வுகள். அதுதான் இந்த முறையின் பலம்.

நிலையான காவலிலிருந்து தொடங்குங்கள். விரல் நுழையாதபடி டையை மூட வேண்டுமென்றால் நீள்வாக்கு இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அப்படி இருந்தாலும் ஆபத்துப் புள்ளி குறைந்தது 10 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். இது ஐ.எஸ்.ஓ. 13857 தரும் அளவு. நம் பிரஸ்ஸில் காவலே இல்லை.

அடுத்து ஒளித்திரை. பைபாஸில் இருந்தது என்று எழுதி நகர்ந்துவிடுவார்கள். நகரக் கூடாது. பைபாஸ் இல்லாமல் இருந்தாலும் காப்பாற்றியிருக்குமா? ஐ.எஸ்.ஓ. 13855 கணக்குப்படி, 14 மி.மீ. துல்லியமுள்ள (அந்தத் தடிமனுள்ள பொருளையும் கண்டுபிடிக்கும்) திரைக்குக் குறைந்தபட்ச தூரம் என்பது நிற்கும் நேரத்தை 2000 மி.மீ./விநாடியால் பெருக்கியது. திரை மறிபட்டதிலிருந்து ராம் முழுதாக நிற்க 0.2 விநாடி ஆனால் திரை டையிலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். பிரேக் லைனிங் தேய்ந்து 0.24 ஆனால் 480 மி.மீ. திரையோ நிறுவிய நாளில் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். பிரேக்கை யாரும் தொடுவதற்கு முன் நிற்கும் நேரத்தை அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பழைய சாவி கிளட்ச் பிரஸ் என்றால் கதையே வேறு. அது ஒருமுறை பிடித்தால் முழுச் சுற்றும் முடித்துத்தான் நிற்கும், நடுவில் நிறுத்த முடியாது. அதில் ஒளித்திரை மாட்டுவது வெறும் அலங்காரம். விபத்துக்குப் பிறகு 'சென்சார் பொருத்தப்பட்டது' என்று நடவடிக்கை எழுதும் முன் கிளட்ச் வகையைப் பார்ப்பது நல்லது.

இரு கை பட்டனுக்கு: இரண்டும் அரை விநாடிக்குள் அழுத்தப்பட்டால் மட்டும் ஸ்ட்ரோக் வருகிறதா? ஒரு பட்டனில் குச்சி செருகி வைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் தட்டினால் ஓடுகிறதா? ஓடினால் அந்தத் தடுப்பு இருப்பதாகக் கணக்கில் எடுக்கவே கூடாது. கடைசியாகச் சாவிக் கட்டுப்பாடு, எஜெக்டர், காந்த இடுக்கி.

இந்த முறையின் ஓட்டை, நீங்கள் பட்டியலில் எழுதாத தடுப்பைப் பற்றி அது வாயே திறக்காது என்பது. அதனால் பட்டியலை விபத்துக்குப் பின் உட்கார்ந்து யோசித்து எழுதாமல், பிரஸ் தயாரிப்பாளரின் கையேட்டையும் தரநிலைகளையும் வைத்து முன்பே தயாரித்துவிட வேண்டும்.

பழுது மரம்

1962-ல் பெல் ஆய்வகத்தில் மினிட்மேன் ஏவுகணைக்காக உருவானது. நம் மாதிரி விபத்துக்கு இது தேவையில்லை. பெடல் மிதிபட்டது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் 'யாரும் மிதிக்கவில்லை, தானாக இறங்கியது' என்று ஆபரேட்டர் சொன்னால் இதுதான் வேண்டும். உச்சியில் 'கட்டளையின்றி ராம் இறங்கியது' என்று எழுதி, கீழே பிரியுங்கள்: கிளட்ச் வால்வு சிக்கியது, அல்லது பிரேக் பிடிக்கவில்லை, அல்லது ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டது. ஒற்றை வால்வு உள்ள பிரஸ்ஸில் ஒரே பழுது நேராக உச்சிக்கு ஏறிவிடும். கண்காணிப்புடன் கூடிய இரட்டை வால்வில் இரண்டும் சேர்ந்து சிக்க வேண்டும். இந்த 'அல்லது', 'மற்றும்' வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்ததும் எங்கே செலவழிக்க வேண்டும் என்ற வாதம் முடிந்துவிடும். சர்க்யூட் படமும் அதைப் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனும் இல்லாமல் தொடங்க வேண்டாம். நிகழ்தகவு எண்களைப் போட்டுக் கணக்கிடுவது சிறு பட்டறைகளில் வீண். பழுதுப் பதிவே இல்லாத இடத்தில் அவை இட்டுக்கட்டிய எண்களாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எதைத் தேர்வது?

பிரஸ் ஷாப்புக்கு எங்கள் பரிந்துரை: காலவரிசை முதலில், அதன் மேல் தடுப்பரண் அலசல், உடைந்த ஒவ்வொரு தடுப்புக்கும் தனியாக ஐந்து 'ஏன்'. அந்த இடத்தில் ஐந்து 'ஏன்' நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் கேள்வி 'அவர் ஏன் கையை விட்டார்' என்று தொடங்காது, 'சாவி ஏன் செலக்டரிலேயே இருந்தது' என்று தொடங்கும். இரண்டு வேலை நாளில் முடியும். ஆள் குறைவு என்றால் மீன்முள்ளை விட்டுவிடலாம், காலவரிசையை விடக் கூடாது.

காயத்தின் அளவை வைத்து முறையைத் தேர்வது இன்னொரு பொதுவான தவறு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவு, 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயத்தைத் தெரிவிக்க வேண்டியதாக வைத்தது. அது அறிவிப்புக்கான கோடு, விசாரணைக்கான கோடு அல்ல. யாருக்கும் கீறல்கூட இல்லாமல் ஒரே கட்டளைக்கு ராம் இரண்டு முறை அடித்தது என்றால் அதற்கும் பழுது மரம் வரைய வேண்டும். அந்த நேரத்தில் டைக்குள் யார் கையும் இல்லாதது தற்செயல்.

முறைகளை எடைபோடக் கடைசியாக ஒரு சோதனை: அவை தரும் நடவடிக்கைப் பட்டியலை அருகருகே வையுங்கள். தனியே விட்ட ஐந்து 'ஏன்' தருவது பெரும்பாலும் பயிற்சி, போஸ்டர், எச்சரிக்கைக் கடிதம். காலவரிசையும் தடுப்பரணும் சேர்ந்து தருவது வேறு: ட்ரையல் முடிந்ததும் சாவி செட்டரிடமிருந்து சூப்பர்வைசர் கைக்குப் போகும் கையெழுத்துப் பதிவு, பைபாஸ் செய்தால் பெடல் இயங்காதபடி சர்க்யூட் மாற்றம், ஸ்ட்ரிப்பை மறிக்காத இடத்தில் திரை, இத்தனை ஸ்ட்ரோக்குக்கு ஒருமுறை எஜெக்டர் ஸ்பிரிங், கை உள்ளே போகவே தேவையில்லாத சரிவுத் தள்ளி. இலக்கு எண்ணையும் இரு கை பட்டன் வேகத்துக்கு மாற்றி எழுத வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் இரவு ஷிப்டே ஒரு மாதத்துக்குள் கழற்றிவிடும். ஆகவே சரிபார்ப்பை நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில், இரவு ஷிப்டின் நடுவில், முன்னறிவிப்பில்லாமல் வையுங்கள். செலக்டர் நிலை, சாவி, நிற்கும் நேரம் மூன்றையும் அளந்து, விபத்துக் கோப்பிலேயே எழுதிய பிறகு அதை மூடலாம்.