பசுமைக்குடிலில் டெப்த் கேமரா: ஒரு பருவம் முழுக்க ஓட்டிப் பார்த்ததில்

ரியல்சென்ஸ் டி435 போன்ற விலை குறைந்த டெப்த் கேமராவை (படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கேமரா) மேலே தொங்கவிட்டுத் தக்காளி, வெள்ளரியின் உயரத்தை அளப்பது நிச்சயம் வேலைக்கு ஆகும். ஆனால் மாதக்கணக்கில் ஓடும்போது கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் கேமரா அல்ல, அது தொங்கும் கம்பி.

காய் பிடிக்கப் பிடிக்க, கொடி கட்டிய கம்பி பாரத்தில் தொய்கிறது. கேமராவும் அதே கம்பியில் இருந்தால் கூடவே இறங்கும். அது 3 செ.மீ. இறங்கினால், வரைபடத்தில் செடி 3 செ.மீ. வளர்ந்ததாகக் காட்டும். தூண்களோடு இணைந்த குறுக்குச் சட்டத்தில்தான் கேமராவைப் பொருத்த வேண்டும். அதுவும் போதாது. இலை மறைக்காத நடைபாதை ஓரமாக, படத்துக்குள் விழும்படி, 30 செ.மீ. சதுரப் பலகைகள் மூன்றை நிரந்தரமாக வையுங்கள். பளபளப்பு கூடாது, கறுப்பு வெள்ளைப் புள்ளி தெளித்த சொரசொரப்பான பரப்பு நல்லது. ஒவ்வொரு முறையும் உயரத்தை அந்த மூன்று பலகைகளின் மட்டத்திலிருந்தே கணக்கிட்டால், கேமரா இறங்கினாலும் சாய்ந்தாலும் பிடிபட்டுவிடும்.

பிழை தூரத்தின் வர்க்கமாக ஏறும். 1.5 மீட்டரில் சுமார் 1 செ.மீ. என்றால் 3 மீட்டரில் நான்கு மடங்கு. அதனால் நாற்றின் ஒருநாள் வளர்ச்சியை இதில் தேட வேண்டாம். வாரக் கணக்கை நம்பலாம். குருத்து கேமராவுக்கு 28 செ.மீ.க்குள் நெருங்கிவிட்டால், முழுத் தெளிவுத்திறனில் அங்கே அளவே கிடைக்காது.

உச்சி வெயிலில் தக்காளி இலை தொங்கும், மாலையில் நிமிரும். நேரம் மாறினால் வளர்ச்சியும் மாறியதுபோலத் தெரியும். சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்து, விசிறிகளை நிறுத்திவிட்டு, தினமும் அதே நேரத்தில் எடுப்பதே சிறந்தது. தூரத்தை அளக்கக் கேமரா வீசும் அகச்சிவப்புப் புள்ளிகளும் இருட்டில் தெளிவாக விழும். விடியற்காலை வேண்டாம், கேமராவின் கண்ணாடியில் பனி படியும்.

30 படங்கள் எடுத்து, பிக்சல் வாரியாக இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். ஒரு பிக்சலில் தூரம் பூஜ்யம் என்றால் 'அளவு கிடைக்கவில்லை' என்று பொருள். அதை நீக்காமல், கேமராவின் உயரத்திலிருந்து தூரத்தைக் கழித்தால் கேமரா உயரத்துக்கே ஒரு செடி முளைத்துவிடும்! அதிகபட்ச மதிப்பும் வேண்டாம், கட்டுக்கயிறு அதில் மாட்டிக்கொள்ளும். 95ஆம் சதமானம் (நூற்றில் 95 அளவுகள் அதற்குக் கீழே இருக்கும் மதிப்பு) போதும். மேலிருந்து அளக்கும் இலைப்பரப்போ, இலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டதும் ஏறாமல் நின்றுவிடும்.

யூஎஸ்பி 3 கேபிள் 3 மீட்டரைத் தாண்டினால் இணைப்பு சத்தமில்லாமல் யூஎஸ்பி 2க்கு இறங்கிவிடக்கூடும். படங்களைச் சேமிக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை மூடிய பெட்டியில் கேமராவுக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள். மருந்து தெளித்த மறுநாள் லென்ஸைத் துடையுங்கள். பூஜ்யப் பிக்சல்கள் திடீரென்று கூடினால் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.