இருபுள்ளிக் கலப்பா, முப்புள்ளிக் கலப்பா? பழ ஈயில் பிணைப்பை அளக்க எது நல்லது

பினாங்கில் எஸ்டிபிஎம் (மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வு) உயிரியலுக்குப் பழ ஈ வளர்க்கும் மாணவர்களுக்கு, ஒரே குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்படும் பிணைப்பைச் சோதனைக் கலப்பால், அதாவது ஒடுங்கு பண்புகள் மட்டுமே கொண்ட துணையோடு சேர்த்து, ஆராய இரண்டு வழிகள் உண்டு: இரண்டு மரபணுக்களைப் பார்க்கும் இருபுள்ளிக் கலப்பு, மூன்றைப் பார்க்கும் முப்புள்ளிக் கலப்பு.

இரண்டு மரபணுக்களை மட்டும் பார்ப்பது எளிது. சாம்பல் உடலும் இயல்பான இறகும் கொண்ட கலப்புப் பெண் ஈயை, கறுப்பு உடலும் குறுகிய இறகும் கொண்ட ஆணோடு சேருங்கள். பாடநூல்களில் வரும் கணக்கில், 2300 ஈக்களில் 965-உம் 944-உம் பெற்றோர் வகை. 206-உம் 185-உம் மறுசேர்க்கை, அதாவது பெற்றோரின் பண்புகள் புதிதாகக் கலந்தவை. 391-ஐ 2300-ஆல் வகுத்தால் 17 விழுக்காடு. பிணைப்பு இல்லையென்றால் நான்கும் சமமாக வந்திருக்கும். அந்த வேறுபாடு 200 ஈக்களிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும்.

மறுசேர்க்கை விழுக்காட்டையே மரபணுக்களுக்கு இடையிலான தூரமாகக் கொள்வார்கள். அங்கேதான் சிக்கல். நடுவில் சின்னபார் என்ற கண்நிற மரபணு இருக்கிறது. கறுப்பு உடல் மரபணுவிலிருந்து அதற்கு 9, அதிலிருந்து குறுகிய இறகுக்கு 9.5, கூட்டினால் 18.5. ஆனால் முனைகளை மட்டும் அளந்தபோது 17தான் வந்தது. குறையும் 1.5 எங்கே போனது? குரோமோசோம் ஜோடி துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம் இரண்டு முறை நடந்த ஈ, இரு முனைகளை மட்டும் பார்ப்பவருக்குப் பெற்றோர் வகையாகவே தெரியும். மூன்றையும் சேர்த்து எண்ணினால் அது சிக்கிக்கொள்ளும். எட்டு வகைகளில் மிகப் பெரிய இரண்டு பெற்றோர், மிகச் சிறிய இரண்டு இரட்டைக் குறுக்கேற்றம். இவற்றை ஒப்பிட்டால் இடம் மாறியிருக்கும் ஒரே மரபணுதான் நடுவிலிருப்பது.

ஆனால் இரட்டைக் குறுக்கேற்றத்தின் வாய்ப்பு 0.09 × 0.095 என்றால், 1000 ஈக்களுக்கு அதிகம் போனால் எட்டோ ஒன்பதோதான். 200 ஈக்களை எண்ணி மரபணு வரிசையைத் தீர்மானிக்காதீர்கள். மங்கிய விளக்கில் சின்னபாரின் பளிச் சிவப்பையும் இயல்பான செங்கல் சிவப்பையும் மாற்றிக் குறித்த இரண்டு மூன்று ஈக்களே முடிவைப் புரட்டிவிடும். புதிதாக வெளிவந்த ஈ வெளிறியிருக்கும். கறுப்பு உடலைக் கண்டுகொள்ளச் சில மணி நேரம் பொறுங்கள்.

இரண்டுக்கும் பொதுவாக, கலப்பினம் பெண்ணாகவே இருக்கட்டும். ஆண் பழ ஈயில் குறுக்கேற்றம் நடப்பதில்லை. மாற்றிச் சேர்த்தால் மறுசேர்க்கை பூஜ்யம். பெண் ஈயை வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரித்தெடுங்கள், இல்லாவிட்டால் உடன்பிறந்த ஆணின் விந்து கணக்கைக் கெடுக்கும். குப்பிகளை 25 பாகை செல்சியஸில் வையுங்கள். நம்மூர் அறையின் 30 பாகைச் சூட்டில் ஆண்கள் மலடாகலாம். பெற்றோரை ஏழு நாளில் அகற்றி, 18-ஆம் நாளோடு எண்ணுவதை நிறுத்துங்கள். அதற்குப் பின் அடுத்த தலைமுறை கலந்துவிடும்.

வகுப்பே குப்பிகளைப் பகிர்ந்து எண்ண முடிந்தால் முப்புள்ளிதான் என் தேர்வு. தனியாளுக்கு இருபுள்ளி, அப்போது நெருக்கமான ஜோடிகளை அளந்து தூரங்களைக் கூட்டுங்கள். 1913-இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் முதல் மரபணு வரைபடத்தை வரைந்ததும் அப்படித்தான்.