விழா நாளில் சென்னைக்குள்: மெட்ரோவா, பறக்கும் ரயிலா, பஸ்ஸா, சொந்த வண்டியா?

சென்னையில் இப்போது சனி, ஞாயிறு வெளியே கிளம்புவதென்றால் இரண்டு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அன்று எங்கே என்ன விழா என்பது ஒன்று. வழியில் எந்தச் சாலையில் தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி மூன்று வழித்தடங்களில், 110 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பெரிய வேலை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு ஒன்று, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஒன்று. இவற்றோடு அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே 3.2 கிலோமீட்டர் மேம்பாலம், 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டியது.

இந்த நிலையில் எதில் போவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்படித் திரும்பி வரப்போகிறீர்கள்?" என்றுதான். போகும்போது கூட்டம் இரண்டு மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். விழா முடிந்ததும் மொத்தப் பேரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். ஊர்தியின் தரம் அப்போதுதான் தெரியும். அதனால் மூன்று இடங்களை எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியை வைத்தே ஒப்பிடுகிறேன்.

நந்தனம்: புத்தகக் காட்சி

ஜனவரியில் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தக விற்பனையாளர்–பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு எதில் போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மெட்ரோதான். மேம்பால வேலை நடக்கும் அதே அண்ணா சாலைத் துண்டில்தான் மைதானம் இருக்கிறது. பூந்தமல்லி வழித்தடமும் நந்தனத்தில்தான் பழைய மெட்ரோவைச் சந்திக்கிறது. மேலே ஒரு வேலை, கீழே ஒரு வேலை. இந்த இடத்தில் பஸ்ஸும் காரும் ஆட்டோவும் ஒரே வரிசையில்தான் ஊர வேண்டும். மெட்ரோவுக்கு அந்த வரிசை கிடையாது.

இன்னொரு சௌகரியத்தைப் பலர் கவனிப்பதில்லை. நந்தனம் நிலையம் நிலத்துக்கு அடியில் இருப்பதால் அதையே சுரங்கப்பாதையாகப் பயன்படுத்தலாம். ஒய்.எம்.சி.ஏ. பக்கத்து வாசலைப் பார்த்து வெளியேறினால் அண்ணா சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம். தடுப்புத் தகடுகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

போகும்போது கை வீசிக்கொண்டு போவோம். வரும்போது இரண்டு கையிலும் பை. துணிப்பையின் கைப்பிடி விரலில் பதிந்து சிவந்திருக்கும். மைதானத்துக்குள் அரங்கிலிருந்து வாசலுக்கு வருவதே நல்ல நடை. அதற்குப் பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு, காலுக்கிடையில் பையை வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடிப்பது பெரும்பாடு. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, பையை வைக்கத் தரை சுத்தமாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் மெட்ரோ வண்டிகளுக்கு இடையே இடைவெளி கூடிவிடும். காட்சி மூடுவதோ எட்டரைக்கு. அரை மணி முன்னால் கிளம்பிவிட்டால் நடைமேடைக் கூட்டத்திலிருந்து தப்பலாம்.

சொந்த வண்டிதான் வேண்டும் என்பவர்கள் ஆலந்தூரிலோ கோயம்பேட்டிலோ மெட்ரோ வாகன நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு அங்கிருந்து ரயிலேறலாம். கோயம்பேட்டிலிருந்து வருபவர்கள் ஆலந்தூரில் மாற வேண்டும், அவ்வளவுதான். நந்தனம் வரை வண்டியிலேயே வந்து அங்கே இடம் தேடுவது வீண் வேலை.

சேப்பாக்கம்: இங்கேதான் உண்மையான போட்டி

எம்.ஏ. சிதம்பரம் கிரிக்கெட் மைதானத்துக்கு இரண்டு ரயில்கள் இருக்கின்றன. மைதானத்தை ஒட்டியே பறக்கும் ரயிலின், அதாவது கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் உயர்மட்ட ரயிலின், சேப்பாக்கம் நிலையம். அண்ணா சாலையில் மெட்ரோவின் அரசினர் தோட்டம் நிலையம்; அங்கிருந்து வாலாஜா சாலை வழியாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

தூரத்தை மட்டும் பார்த்தால் பறக்கும் ரயில்தான் ஜெயிக்க வேண்டும். கட்டணமும் மிகக் குறைவு, 5 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. வேளச்சேரி, தரமணி, திருவான்மியூர், மந்தைவெளி பக்கத்திலிருந்து வருபவர்கள் போகும்போது யோசிக்காமல் இதில் ஏறலாம். சாலையில் என்ன தோண்டியிருந்தாலும் இது மேலே பறந்துவிடும்.

திரும்பும்போது கதை மாறுகிறது. இரவு ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகிவிடும். பறக்கும் ரயிலோ அந்த நேரத்தில் கடைசி வண்டியை நெருங்கியிருக்கும், அல்லது கடந்திருக்கும். சிறப்பு ரயில் அறிவித்திருந்தால் சரி, இல்லையென்றால் நம்பி நிற்க முடியாது. நிலையம் உயரத்தில் இருப்பதும் ஒரு சிக்கல். மொத்தக் கூட்டமும் படிகளில் நெருக்கியடித்து ஏறும்போது வயதானவர்களோடு அதில் மாட்டக் கூடாது.

மெட்ரோ இந்த இடத்தில் முந்திவிடுகிறது. வழக்கமான கடைசி வண்டி இரவு 11 மணி; ஐபிஎல் ஆட்ட நாட்களில் அதற்கு மேலும் நீட்டித்து ஓட்டியிருக்கிறார்கள். ஆட்ட டிக்கெட்டையே மெட்ரோ டிக்கெட்டாகக் காட்டிப் போகும் ஏற்பாடும் சில பருவங்களில் இருந்தது. மாநகரப் பஸ்ஸிலும் 2024 ஐபிஎல் பருவத்தில் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பயணம் கொடுத்தார்கள். இவையெல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறுபவை, ஆட்டத்துக்கு முந்தைய நாள் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிலோமீட்டர் நடையை நான் குறையாகவே நினைக்கவில்லை. நடக்க நடக்கக் கூட்டம் பிரிந்துவிடுகிறது, நிலையத்துக்குள் நெரிசல் குறைகிறது.

ஆக, தென்சென்னைக்காரர்களுக்கு என் யோசனை: போகும்போது பறக்கும் ரயில், வரும்போது மெட்ரோ. மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கும் செலவை முன்கூட்டியே கணக்கில் வைத்துவிடுங்கள். மைதான வாசலில் செயலி மூலம் ஆட்டோவோ காரோ அழைப்பது மட்டும் வேண்டாம். பெல்ஸ் சாலையிலும் விக்டோரியா ஹாஸ்டல் சாலையிலும் ஆட்ட நாளில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். ஓட்டுநர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், நடுவே போலீஸ் தடுப்பு.

மெரினா சொன்ன பாடம்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி, காலை 11 முதல் 1 மணி வரை. பல லட்சம் பேர் வந்தார்கள். வெயிலிலும் நெரிசலிலும் அவதிப்பட்டவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அன்று பறக்கும் ரயில் முழு நீளத்துக்கு ஓடவில்லை. கடற்கரை–எழும்பூர் நான்காவது ரயில் பாதை வேலைக்காக, கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்டிலேயே சேவையை நிறுத்தியிருந்தார்கள். அது மறுபடி தொடங்கியது 2024 அக்டோபர் கடைசியில்தான். அதாவது வடசென்னைப் பக்கத்திலிருந்தும் புறநகரிலிருந்தும் வந்தவர்கள் நேராகக் கடற்கரைச் சாலை நிலையங்களுக்கு ரயிலில் வர வழியே இல்லை. மிச்சமிருந்த சிந்தாதிரிப்பேட்டை–வேளச்சேரி பாதையிலோ வண்டிகள் ஞாயிறு அட்டவணைப்படி ஓடின.

இதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் கூட்டம் இருக்காது, அதனால் வண்டியைக் குறைக்கலாம் என்பது சாதாரண வாரத்துக்குச் சரி. ஊரே திரண்டு ஒரு கடற்கரைக்கு வரும் நாளுக்கு அதே அட்டவணை பொருந்தாது. ரயில் பாதைப் பராமரிப்பையும் பெரும்பாலும் வார இறுதியில்தான் வைக்கிறார்கள். தாம்பரம் பகுதியிலிருந்து வருபவர்கள் சனிக்கிழமையே மின்சார ரயில் ரத்து அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் விமான நிலையம் வரை பஸ்ஸில் வந்து மெட்ரோ பிடிப்பதுதான் மாற்று வழி.

மயிலாப்பூர்: நடப்பவர்களின் ஊர்

பங்குனியில் அறுபத்து மூவர் விழா, மார்கழியில் சபாக் கச்சேரிகள். இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் திருமயிலை மெட்ரோ நிலையத்தை லஸ் பக்கத்தில் ஆழத்தில் கட்டுவதால் அங்கே சாலைகள் ஒருவழியாகி, பஸ்கள் சுற்றிப் போகும் நிலை வந்தது. மயிலாப்பூரைத் தொட்டுப் போகும் 29சி போன்ற பஸ்ஸில் போகிறவர்கள், இறங்கும் இடம் எது என்று நடத்துனரிடம் ஏறும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இங்கே பறக்கும் ரயிலுக்குத்தான் என் ஓட்டு. திருமயிலை நிலையத்தில் இறங்கினால் கபாலீசுவரர் கோயிலும் கிழக்கு மாடவீதி பாரதிய வித்யா பவனும் நடக்கும் தூரம். அறுபத்து மூவர் அன்று திருமயிலையில் கூட்டம் தாங்காது. அதற்கு அடுத்த முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்தில் இறங்கிச் சின்னத் தெருக்கள் வழியாக வந்துவிடலாம். மாடவீதிகளில் அன்று வண்டிக்கு இடமில்லை. ஆட்டோவில் வந்தாலும் கடைசித் தூரம் நடைதான்.

ஆனால் கச்சேரிக்கு மியூசிக் அகாடமி போகிறவர்களிடம் இந்த வாதம் எடுபடாது. அது இருக்கும் டி.டி.கே. சாலைக்கு இன்றைய ரயில் எதுவும் பக்கத்தில் வரவில்லை. கலங்கரை விளக்கம் நிலையத்திலிருந்தும் சரி, ஏ.ஜி.–டி.எம்.எஸ். மெட்ரோவிலிருந்தும் சரி, பட்டுப்புடவையோடு நடக்கிற தூரமில்லை. அங்கே மெட்ரோவும் ஆட்டோவும் சேர்ந்த ஏற்பாடுதான் ஒத்துவரும்.

பஸ்ஸை ஒதுக்கிவிடலாமா?

கூடாது. ரயில் தொடாத ஊர் சென்னையில் இன்னும் நிறைய இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்பதால், அம்மாவும் இரண்டு பெண்களும் உள்ள வீட்டில் செலவுக் கணக்கே வேறு. ஒரே ஒரு உத்தி சொல்கிறேன்: விழா நடக்கும் இடத்து நிறுத்தத்தில் ஏறாதீர்கள். பஸ் வரும் திசையில் இரண்டு நிறுத்தம் பின்னால் நடந்து போய் ஏறுங்கள். உட்காரவும் இடம் கிடைக்கலாம். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்க முடிகிறது. வீட்டிலேயே டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் இணையம் தடுமாறும்.