திடீரென்று மெயில் கொட்டினால் அழிக்காதீர்கள், முதலில் தேடுங்கள்

நீங்கள் சேராத நியூஸ்லெட்டர்கள் உங்கள் மெயிலில் நூற்றுக்கணக்கில் வந்து விழ ஆரம்பித்தால், யாரோ குறும்பு செய்கிறார்கள் என்று நினைத்து அழிக்க உட்காராதீர்கள். உங்கள் வங்கியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கார்டை முடக்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம். நேரம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் எப்படி ஏமாந்தேன் என்பது இனி.

எனக்கு சிவகாசியில் டிசைன் வேலை. காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை. எங்கள் ஊரில் ஆடிப் பெருக்கு அன்றுதான் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதற்கு முந்தைய வாரம் எங்களுக்கெல்லாம் தூக்கம் கிடையாது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஒன்பதரைக்கு ஒரு மெயில் வந்தது. நாய் பிஸ்கட் விற்கும் ஏதோ வெளிநாட்டுக் கடை, தங்களோடு இணைந்ததற்கு நன்றி சொல்லியிருந்தது. என்னிடம் நாய் இல்லை. அழித்தேன். கையை எடுப்பதற்குள் அடுத்தது. பிரேசிலில் ஒரு பல் ஆஸ்பத்திரி. சுவீடனில் ஒரு யோகா பள்ளி. ஜெர்மன் மொழியில் மரச்சாமான் விளம்பரம். ரஷ்ய எழுத்தில் என்னவென்றே தெரியாத ஒன்று. பத்து மணிக்கு இருநூறைத் தாண்டியது. மதியச் சாப்பாட்டுக்குள் அறுநூற்றுச் சொச்சம்.

கடையில் வேலை செய்யும் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கயாவது ஓசி வைஃபைக்கு மெயில் ஐடி குடுத்திருப்பீங்கண்ணே" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எரிச்சல் வந்ததே தவிர பயம் வரவில்லை.

இதற்கு வேறு காரணம் இருக்கிறது என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. திருடனிடம் உங்கள் கார்டு விவரமும் மெயில் முகவரியும் இருக்கிறது. கார்டில் பொருள் வாங்கினால் வங்கி உடனே உங்களுக்கு மெயில் போடும். அந்த மெயிலை அவனால் தடுக்க முடியாது, ஆனால் மறைக்க முடியும். யார் முகவரியைக் கொடுத்தாலும் உடனே அதற்கு மெயில் அனுப்பும் இணையதளங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஒரு சின்ன புரோகிராம் உங்கள் முகவரியை அத்தனை தளங்களின் படிவத்திலும் வரிசையாக நிரப்பிக்கொண்டே போகும். வைக்கோல் போர் தயார், ஊசி உள்ளே. இந்த மெயில்கள் ஏன் ஸ்பாமுக்குப் போகவில்லை என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏன் போகும்? அனுப்பியவர்கள் எல்லாரும் நிஜமான கடைக்காரர்கள். நிஜமாகவே யாரோ என் பெயரில் கேட்டிருக்கிறார்கள், அவர்களும் அனுப்பியிருக்கிறார்கள்.

இது தெரியாமல் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேலையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக அன்சப்ஸ்கிரைப் செய்ய உட்கார்ந்தேன். அந்தப் பல் ஆஸ்பத்திரி மெயிலில் இரண்டு பொத்தான்கள், இரண்டும் போர்ச்சுகீசியத்தில். ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். பச்சை என்றால் சரி, வேலை முடியும் என்று அதைத் தட்டினேன். உடனே வரவேற்பு மெயில் வந்தது. நான் தட்டியது ரத்து அல்ல, உறுதி. அதுவரை நான் அவர்கள் பட்டியலில் முழுதாகச் சேரவே இல்லை. என் கையாலேயே சேர்ந்துகொண்டேன்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வந்த மெயில்களில் பாதிக்கு மேல் "நீங்கள்தான் கேட்டீர்களா, உறுதி செய்யுங்கள்" என்ற ரகம். இவற்றுக்கு எதுவுமே செய்ய வேண்டாம். தொடாமல் விட்டால் அவர்களே விட்டுவிடுவார்கள். நேரடியாக "நன்றி, சேர்ந்துவிட்டீர்கள்" என்று வருபவைதான் தொடர்ந்து வரும். அவற்றைத்தான் ரத்து செய்ய வேண்டும், அதுவும் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இல்லை.

நடுவில் ஒரு மெயில், எல்லாச் சந்தாவையும் ஒரே தட்டில் நிறுத்தித் தருவதாக ஆசை காட்டியது. தட்டினால் என் மெயிலின் பாஸ்வேர்டு கேட்டது. அங்கே மட்டும் கொஞ்சம் புத்தி வேலை செய்தது, மூடிவிட்டேன். சந்தாவை நிறுத்த எந்த நியாயமான கடையும் உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கேட்காது. முகவரியைச் சரிபார்க்கக் கேட்கலாம், அதற்கு மேல் இல்லை.

நாற்பதோ ஐம்பதோ ரத்து செய்ததில் பொறுமை போய்விட்டது. ஒரு பக்கத்தில் இருக்கும் அத்தனை மெயிலையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் குப்பையில் தள்ளினேன். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பெருக்கித் துடைத்த வீடு மாதிரி இருந்தது இன்பாக்ஸ். நிம்மதியாக வேலைக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெருக்கு. திருநெல்வேலியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு, பூஜை முடிந்ததும் முதல் ஆர்டராக அவர் கடைப் பெயரையும் போன் நம்பரையும் காலண்டர் அட்டையில் அடித்துக் கொடுப்பது வழக்கம். ஐநூறு அட்டை அடித்து, ஒன்றைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன்.

"தம்பி, அந்த நம்பர நான் விட்டு எவ்ளோ நாளாச்சு. புது நம்பர் போட்டு வெள்ளிக்கிழமையே மெயில் போட்டேனே, பாக்கலையா?"

பார்க்கவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை. அவர்தான் தவறான முகவரிக்கு அனுப்பியிருப்பார் என்று முதலில் அவர் மேலேயே பழியைப் போட்டேன். அப்புறம்தான் பையன் சொன்னான், ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் குப்பையிலும் ஸ்பாமிலும் இருப்பவை வராது என்று. தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் அடையாளத்தைத் தட்டி, ஸ்பாமையும் குப்பையையும் சேர்த்துத் தேடும்படி மாற்ற வேண்டும். குப்பையில் போட்டது முப்பது நாள் வரைதான் இருக்கும், அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும்.

குப்பையைத் திறந்து வெள்ளிக்கிழமை காலைக்கு உருட்டிப் போனேன். 10.20க்கு அண்ணாச்சியின் மெயில் இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, யோகா பள்ளிக்கும் மரச்சாமானுக்கும் நடுவில், என் வங்கியின் பெயர். 9.52க்கு ஒரு டாலர். 9.58க்கு 411 டாலர். ரூபாய் கணக்கில் 36,050. முதலில் ஒரு டாலர் எடுத்துப் பார்த்திருக்கிறான், கார்டு உயிரோடு இருக்கிறதா என்று. இருந்தது.

ஓடிபி வராமல் எப்படி என்று கேட்பீர்கள். நம் நாட்டுக் கடைகளில்தான் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும். முந்தைய வருடம் ஒரு எழுத்துரு வாங்குவதற்காக என் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டேன், மூட மறந்தேன். கார்டின் இந்த வசதிகளை வேண்டும்போது திறந்து மூட 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியும் வழி வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. என் வங்கிச் செயலியில் அது மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. மூட அரை நிமிடம் ஆகாது.

எஸ்எம்எஸ் வந்திருக்குமே என்றால், வந்திருக்கும், வேறு யாருக்கோ. கார்டு வாங்கியபோது கொடுத்த செல் நம்பரை நான் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அண்ணாச்சியைக் குறை சொல்ல வாயே இல்லை.

இரவு பதினொரு மணிக்குக் கஸ்டமர் கேர். இருபத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். கார்டை முடக்கினார், அது வரைக்கும் சரி. புகார் பதிவு செய்யச் சொன்னேன். "ஸ்டேட்மென்ட் வந்ததும் டிஸ்ப்யூட் ஃபார்ம் போடுங்க சார், இப்ப எதுவும் பண்ண முடியாது" என்றார். புகார் எண் கேட்டேன். "கார்டு பிளாக் பண்ணிட்டேன் சார், வேற ஏதாவது உதவி வேணுமா?" திரும்பக் கேட்டேன். அதே பதில். ஸ்டேட்மென்ட் வர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் பணம் போயிருக்கும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. தவறு உங்கள் பக்கமும் இல்லாமல் வங்கி பக்கமும் இல்லாமல் வேறெங்கோ கசிந்து பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் தெரிவித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் உங்கள் தலையில் ஒரு ரூபாய் விழாது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு உண்டு. ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அது பத்தாயிரம். ஏழு நாள் தாண்டினால் வங்கியின் கொள்கை எதுவோ அதுதான். புகார் வந்ததும் எண்ணோடு ஒப்புகை கொடுக்க வேண்டியதும் வங்கியின் கடமை. எனக்கு சனி, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள். அதில் ஒன்று மெயில் பெருக்கியதிலேயே போய்விட்டது.

அன்று இரவே வங்கியின் மெயிலுக்கு எழுதினேன், இரண்டு பரிவர்த்தனையின் படத்தோடு. தானியங்கிப் பதிலாக ஒரு எண் வந்தது. அந்த எண்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்தேன், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிந்தேன். திங்கட்கிழமை கிளைக்கே போய் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். சீல் போட அங்கே தயங்கினார்கள். போடும்வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

தெரிவித்ததிலிருந்து பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும் என்கிறது அதே சுற்றறிக்கை. எனக்குப் பத்தொன்பதாவது வேலை நாளில்தான் வைத்தார்கள், அதுவும் வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதிய பிறகு. நடுவில் "நீங்கள் செல் நம்பரைப் புதுப்பிக்கவில்லை" என்று ஒரு பதில் வேறு. தகவல் மெயிலில் வந்தது, மெயில் வந்த தேதியிலிருந்து எண்ணினால் இரண்டாவது நாள் நான் சொல்லிவிட்டேன் என்று சீல் போட்ட நகலை அனுப்பினேன். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மிச்ச மெயில்களை எப்படிக் கழுவினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் லிங்கைத் தேடிப் போகாதீர்கள். ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அன்சப்ஸ்கிரைப் என்று வரும், அதைத் தட்டினால் போதும். மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் இந்த ஒரே தட்டு வசதியைக் கொடுத்தே ஆக வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறுத்தியும் ஆக வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024இல் கட்டாயம் ஆக்கின. சந்தாக்களை எல்லாம் ஒரே இடத்தில் பட்டியலாகப் பார்க்கும் பக்கமும் 2025இல் ஜிமெயிலில் வந்துவிட்டது.

ஏழெட்டு மட்டும் அசையவே இல்லை. ரத்து செய்யப் போனால் "இந்த முகவரி எங்கள் பட்டியலில் இல்லை" என்றன, ஆனாலும் வந்துகொண்டே இருந்தன. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் மெயிலைத் திறந்து, "பெறுநர்" வரியை விரித்துப் பார்த்தேன். இருந்தது என்னுடைய பழைய முகவரி. கல்லூரிக் காலத்து மெயில், புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும்படி அமைத்துவிட்டு மறந்துபோனது. பழைய முகவரியைக் கொடுத்ததும் எல்லாம் நின்றன. அந்தத் திருப்பிவிடுதலைத் தேடப் போனபோதுதான் அமைப்புகளில் வடிகட்டிகள் பக்கத்தையும் பார்த்தேன். மெயிலுக்குள்ளேயே புகுந்த திருடன் என்றால், வங்கி மெயிலைத் தானாக அழிக்கும்படி அங்கே ஒரு விதி எழுதி வைத்திருப்பான். என்னுடையதில் இல்லை. பாஸ்வேர்டை மாற்றினேன், இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டேன்.

அண்ணாச்சிக்கு ஐநூறு அட்டையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தாயிற்று. 36,050 ரூபாய் நிரந்தரமாகவே திரும்பிவிட்டது. அந்நியச் செலாவணிக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்று சேர்த்துப் பிடித்த 1,489 ரூபாயை மட்டும் இன்னும் தரவில்லை. கேட்டு மூன்று மெயில் போட்டிருக்கிறேன். முப்பது நாளுக்குள் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அடுத்த புதன்கிழமையோடு முப்பது நாள் முடிகிறது.