பெற்ற தாயைத் தேடித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

"ரூட் சர்ச் பண்ணித் தரேன், உங்களைப் பெத்த அம்மாவைக் கண்டுபிடிச்சுத் தரேன்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது உங்களோடு பேசிக்கொண்டிருந்தால், அடுத்த ரூபாயை அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 1,12,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான் 1979-இல் மெட்ராஸில் பிறந்தவள். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களைப் பிரசவம் வரை வைத்துப் பார்த்துக்கொண்ட ஓர் இல்லத்தில் பிறந்து, மூன்றாம் மாதம் தத்துப்பிள்ளையாக என் அம்மாவின் மடிக்கு வந்தேன். பத்தாவது படிக்கும்போது அம்மாவே உட்காரவைத்துச் சொன்னாள். அவள் இருந்தவரை எனக்குத் தேடத் தோன்றவே இல்லை. 2021-இல் அம்மா போனபிறகு பீரோவைச் சுத்தம் செய்யும்போது பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர் கிடைத்தது. கோர்ட் உத்தரவின் மங்கிப்போன நகல், இல்லத்தில் கொடுத்த எடை அட்டை. பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் என்னைச் சுற்றிக் கொண்டுவந்த துண்டு. துண்டைப் பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

இல்லம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. தத்துப்பிள்ளைகளுக்கான ஒரு ஃபேஸ்புக் குழுவில் பிறந்த வருடத்தையும் ஊரையும் மட்டும் போட்டிருந்தேன். மறுநாளே ஒருவர் பேசினார். சமூக சேவகர் என்றார், இதுபோல் நிறையப் பேரைச் சேர்த்துவைத்திருக்கிறேன் என்றார். முதல் ஒரு வாரம் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. "சிஸ்டர், மனசுல இருக்கறதெல்லாம் சொல்லுங்க, சின்ன விஷயம்கூட உதவும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவிடம்கூடப் பேசாததையெல்லாம் ராத்திரி ராத்திரியாக வாய்ஸ் நோட்டில் கொட்டினேன். எடை அட்டையில் 'பேபி செல்வி' என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். காதுக்குப் பின்னால் உள்ள மச்சத்தைச் சொன்னேன். பச்சைக் கரை போட்ட துண்டைச் சொன்னேன்.

பிறகுதான் பணம். முன்பணம் 15,000. அந்த இல்லத்தில் வேலை பார்த்த வயதான ஆயா ஒருவர் இருக்கிறார், அவருக்கு 22,000. ரெக்கார்டு ரூமைத் திறக்க 40,000. ஒவ்வொரு முறையும் வேறு வேறு நம்பருக்கு ஜிபே. கடைசியில் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். நீல மை, ஓரம் கிழிந்த பழைய தாள், ரப்பர் ஸ்டாம்ப், பேபி செல்வி. தாயின் ஊர்: வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாவட்டம். அதைப் பார்த்துக்கொண்டு சமையல்கட்டில் நின்றவள், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பயணச் செலவு, "அவங்க வீட்ல பேசி சம்மதிக்க வைக்கணும்" என்று இன்னொரு 35,000 வாங்கிக்கொண்டார்.

வத்தலக்குண்டில் ஒரு ஓட்டு வீடு. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, நேராகக் காதுக்குப் பின்னால் தடவி, "இந்த மச்சம்... இந்த மச்சம்..." என்று அழுதார். "பச்சைக் கரைத் துண்டுல சுத்தித்தான் தாயி உன்னக் குடுத்தேன்" என்றார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். இருபது நிமிடம்கூட இருக்கவிடவில்லை. "அக்கம்பக்கத்துல தெரிஞ்சிரும் சிஸ்டர்" என்று அந்த ஆள் கிளப்பிக் கூட்டிவந்துவிட்டார். கையில் பணம் கொடுக்கப் போனபோது அந்த அம்மா அவர் முகத்தைத்தான் பார்த்தார். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாளில் "அம்மாவுக்கு ஆபரேஷன், ரெண்டு லட்சம்" என்று போன். நகையை அடகு வைக்கக் கிளம்பியவளைத் தடுத்தது என் பெரியப்பா. தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தப் படத்தைக் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, இது எந்த வருஷத்துப் பதிவுன்ன?" என்றார். 1979 என்றேன். "79-ல ஏதும்மா திண்டுக்கல் மாவட்டம்? 85-லதானே மதுரையிலேர்ந்து பிரிச்சாங்க!"

அப்புறம் ஸ்டாம்பைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆங்கில எழுத்தில் 'சென்னை' என்று இருந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 1996-இல். 1979-இல் அடித்த ஸ்டாம்பில் 'மெட்ராஸ்' என்றுதான் இருந்திருக்க வேண்டும்.

அப்படியும் என் மனசு கேட்கவில்லை. தாள் பொய்யாக இருக்கலாம், துண்டு எப்படித் தெரிந்தது? அன்று ராத்திரி பீரோவைத் திறந்து பையைப் பிரித்தேன். வெள்ளைத் துண்டு, பழுப்பேறியிருந்தது. கரை நீலம். சின்ன வயதில் ஒருமுறை பார்த்ததை நான்தான் பச்சை என்று நினைவில் வைத்திருக்கிறேன். நான் தப்பாகச் சொன்னதை அந்த அம்மாவும் அப்படியே தப்பாகச் சொன்னார்.

பழைய வாய்ஸ் நோட்டுகளையெல்லாம் விடியும்வரை கேட்டேன். அந்த ஆள் கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொரு விவரமும் என் குரலிலேயே இருந்தது.

டிஎன்ஏ பார்க்கலாம் என்று மெசேஜ் போட்டேன். "பெத்த மனசைப் புண்படுத்தாதீங்க" என்றார். இரண்டு பேர் கன்னத்தின் உள்பக்கத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும், தாயா இல்லையா என்று சொல்லிவிடலாம். பிள்ளையின் டிஎன்ஏவில் பாதி தாயிடமிருந்து வருகிறது, பல இடங்களில் பொருந்தவில்லை என்றால் தாய் இல்லை. உண்மையானவர் இதற்கு ஏன் பயப்படவேண்டும்? நான்காம் நாள் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

இப்படி ஆள் பிடித்துத் தாயாக நிறுத்துவது புதிது இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1980-களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்கு ஆயிரக்கணக்கில் குழந்தைகள் தத்துப் போனபோது, கைமாற்றும் இடத்தில் பணம் வாங்கிக்கொண்டு தாயாக நடித்த பெண்கள் இருந்தார்கள். வளர்ந்து தேடி வந்த பிள்ளைகள் டிஎன்ஏ பார்த்தபிறகுதான் உண்மை தெரிந்தது.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். பணம் போன உடனே சொன்னால்தான் வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு, நான் மாதக்கணக்கில் தாமதம். ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், அவ்வளவுதான். வத்தலக்குண்டு அம்மாவின் பெயரை நான் புகாரில் அழுத்திச் சொல்லவில்லை. அவருக்கு என்ன கொடுத்திருப்பார்கள், ஐந்நூறா ஆயிரமா?

இனி, நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு அலுவலர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் தெளிவாகவே இருக்கிறது: தன் வேரைத் தேடும் உரிமை தத்துப்பிள்ளைக்கு உண்டு, ஆனால் மூன்றாம் நபர் மூலம் தேட அனுமதி கிடையாது. உங்கள் உரிமை, பெற்றவரின் அந்தரங்கத்தை மீறவும் கூடாது. ஆக, காசு வாங்கிக்கொண்டு தேடித் தருகிறேன் என்பவர் எத்தனை நல்லவராகப் பேசினாலும் அவருக்கு அந்த வேலையில் இடமே இல்லை.

எனக்கு உடம்பு நடுங்கியது இங்கேதான். அந்த ஆள் ஏமாற்றுக்காரராக இருந்ததால் தப்பித்தேன். நிஜமாகவே என்னைப் பெற்றவரைக் கண்டுபிடித்திருந்தால்? எங்கேயோ கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்து, யாரிடமும் சொல்லாமல் இருக்கும் ஒரு பெண்ணின் வாசலில் அவர் போய் நின்றிருப்பார். என்னிடம் இரண்டு லட்சம் கேட்டவர் அவரிடம் என்ன கேட்டிருப்பார்? என் வாய்ஸ் நோட்டுகள் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

இல்லம் மூடிவிட்டாலும் எல்லாத் தாளும் அழிந்துவிடுவதில்லை. 1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி இல்லத்திலிருந்து குழந்தையைக் கொடுக்க கோர்ட் அனுமதி வேண்டும். என் கவரில் இருந்த உத்தரவில் ஓ.பி. நம்பர், அதாவது கோர்ட்டில் மனுவுக்குக் கொடுத்த எண், இருந்தது. அதைவைத்து வக்கீல் மூலம் சிட்டி சிவில் கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டு மனுவின் நகலை வாங்கினேன். தத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தால், பொதுவாக சார்பதிவாளர் அலுவலகத்தில் 'நான்காம் புத்தகம்' என்ற பதிவேட்டில் இருக்கும். அதன் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் கிடைக்கும், தரகருக்குக் கிடைக்காது.

மனுவில் 'கைவிடப்பட்ட குழந்தை' என்று இருந்தது. அதைப் படித்து உடைந்துபோனேன். வக்கீல் அம்மாதான் விளக்கினார்: பாதுகாவலர் கொடுக்க வேண்டுமென்றால் பெற்றோர் இறந்திருக்க வேண்டும், அல்லது கைவிட்டிருக்க வேண்டும், அல்லது யாரென்றே தெரியாமல் இருக்க வேண்டும், இதுபோல் ஏதாவது ஒரு காரணத்தைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு கேட்கிறது. அதற்காக எழுதிய வார்த்தைம்மா அது, அந்தப் பொண்ணு மனசை யாரும் எழுதலை என்றார். கீழே ஒரே ஒரு வரி: தாய்க்கு வயது 19, மணமாகாதவர். பெயர் இருக்கிறது. அது உண்மைப் பெயராக இல்லாமலும் இருக்கலாம். அதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லமாட்டேன்.

குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நானே கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். கண்டுபிடித்தாலும் முதலில் அவரிடம் தனியாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான்.

போன வாரம் குழுவில் ஒரு பெண், தன்னிடமும் ஒருவர் பேசுகிறார் என்று எனக்கு எழுதியிருந்தார். நம்பர் வேறு, ஆனால் முதல் மெசேஜ் எனக்கு வந்ததேதான்: "சிஸ்டர், மனசுல இருக்கறதெல்லாம் சொல்லுங்க." உங்களுக்கும் அது வந்திருந்தால், ஒரு விவரமும் சொல்லாமல் பிளாக் செய்துவிட்டு, ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இன்றைக்கே 1930-க்குப் போன் செய்யுங்கள்.