டென்னசியில் மூன்று நாள் வான்கோழி வேட்டை: பொறி ஒரு பக்கம், தீனி ஒரு பக்கம்

சென்ற ஏப்ரல் மாதத்தின் பின்பாதியில், அலபாமா எல்லையை ஒட்டிய தென்-நடு டென்னசியில், ஒரு குடும்பம் நடத்தும் வேட்டை வழிகாட்டிச் சேவையில் மூன்று நாள் தங்கிக் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போய் வந்தேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் அவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ 900 ஏக்கர் சொந்த நிலம், தங்குவதற்கு மர வீடு, மூன்று வேளை உணவு, கூடவே வர ஒரு வழிகாட்டி, எல்லாம் சேர்த்து 1,600 டாலர். மாநில வேட்டை உரிமத்துக்கு நாமே தனியாகக் கட்ட வேண்டும். சட்டத்தை ஒரு நிமிடம்கூட மீறுவதில்லை என்றும், கூட்டைச் சூறையாடும் விலங்குகளைத் தொடர்ந்து கட்டுப்படுத்துகிறோம் என்றும் தங்கள் விளம்பரத்தில் இரண்டு வாக்குறுதிகள் கொடுத்திருந்தார்கள். படுக்கையும் சாப்பாடும் நன்றாகவே இருந்தன, அவற்றைப் பற்றி மேற்கொண்டு சொல்ல எதுவுமில்லை; அந்த இரண்டு வாக்குறுதிகளை வைத்தே இந்தச் சேவையை எடைபோடுகிறேன்.

முதல் வாக்குறுதியை முதல் நாள் விடியலிலேயே கண்கூடாகப் பார்த்தேன். டென்னசியில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்துதான் சுட அனுமதி உண்டு. நாங்கள் ஓக் மரத்தடியில் போய் உட்கார்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. ஓடைக்கு அப்பால், இரவில் அவை அடையும் மரங்களிலிருந்து இரண்டு சேவல்கள் மாறி மாறிக் குரல் கொடுத்துக் கொண்டிருந்தன. வழிகாட்டி, பெட்டையின் குரலை எழுப்பும் மரப்பெட்டி அழைப்பானை ஒரே ஒரு முறை, கதவுக் கீல் முனகுவதைப் போல, மெல்லத் தேய்த்துவிட்டு நிறுத்திக் கொண்டார். சற்று நேரத்தில் ஒரு சேவல் இறக்கையை அடித்துக்கொண்டு புல்வெளியில் இறங்கி, முப்பது கெஜத்துக்குள் வந்து வாலை விரித்து நின்றது. நேரத்துக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அவர் தொலைபேசியின் ஒளியை உள்ளங்கையால் மறைத்து மணியைக் காட்டித் தலையை அசைத்தார். மூன்றாவது நிமிடத்தில் சேவல் ஒரு பெட்டையின் பின்னே நடந்து காட்டுக்குள் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்ததை மறைக்க மாட்டேன். ஆனாலும் அந்த நான்கு நிமிடத்துக்காகவே அவர் மேல் மதிப்பு வந்தது.

பொம்மைப் பறவைகளைப் பயன்படுத்துவதிலும் அவர்களுக்கென்று கட்டுப்பாடு உண்டு. பழக்கிய விலங்கைக் காட்டி அதன் இனத்தையே ஈர்க்கும் முறைக்கு நம் பழைய வேடர்கள் ‘பார்வை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை எல்லோரும் மறந்துவிட்டதால் இங்கே பொம்மை என்றே எழுதுகிறேன். பெட்டைப் பொம்மை ஒன்றை வயலில் நட்டுவைப்பார்கள், அவ்வளவுதான். விரித்த வான்கோழி வாலைக் கையில் பிடித்து, அதன் பின்னே ஒளிந்துகொண்டு சேவலை நோக்கித் தவழ்ந்து போகும் முறையை இங்கே அறவே அனுமதிப்பதில்லை. வாலைப் பார்த்து இன்னொரு வேட்டைக்காரர் சுட்டுவிடக்கூடும் என்பது ஒரு காரணம். கூட்டத்தை ஆளும் சேவல் சண்டைக்கு வந்து எளிதாகச் செத்துப்போகும் என்பது மற்றொரு காரணம். பக்கத்து அலபாமாவில் 2022 முதல் பருவத்தின் முதல் பத்து நாளில் எந்தப் பொம்மையும் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள் என்பதையும் வழிகாட்டிதான் சொன்னார்.

சட்டம் அனுமதிப்பதைவிட இவர்களின் வீட்டு விதிகள் இறுக்கமானவை. டென்னசி சட்டம் ‘தாடியுள்ள வான்கோழி’ என்றுதான் சொல்கிறது. மார்பில் மயிர்க்கற்றை போலத் தொங்கும் அந்தத் தாடி சில பெட்டைகளுக்கும் வளரும் என்பதால், சட்டப்படி அவற்றையும் சுடலாம். கூடு கட்டும் காலத்தில் ஒரு பெட்டையைச் சுட்டால் பத்துப் பன்னிரண்டு முட்டைகளும் அதோடு போகும் என்பதால் இங்கே அதற்கு இடமில்லை. ‘ஜேக்’ எனப்படும் ஓராண்டு இளஞ்சேவலும் கூடாது. கென்டக்கியிலிருந்து வந்திருந்த ஒரு விருந்தினருக்கு இது பிடிக்கவில்லை. பணம் கட்டி வந்தவன் சட்டம் தரும் உரிமையை ஏன் விட வேண்டும் என்று கேட்டார். முன்பணம் வாங்கும்போதே இதை எழுத்தில் தந்திருக்க வேண்டும் என்ற அளவில் அவர் கேட்டது நியாயம்தான். எனக்கும் வந்த பிறகுதான் தெரிந்தது.

இரவில் அடுப்பைச் சுற்றி நடந்த பேச்சுக்கே தனியாகப் பணம் தரலாம். 2023-இல் டென்னசி தன் வசந்தகாலப் பருவத்தின் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளி ஏப்ரல் நடுவுக்குக் கொண்டுபோனது, ஒருவர் சுடக்கூடிய எண்ணிக்கையையும் இரண்டாகக் குறைத்தது. ஜார்ஜியா அதற்கு முந்தைய ஆண்டே மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்திருந்தது. சேவல்கள் இணைசேரும் முன்பே ஆளும் சேவலைச் சுட்டுவிட்டால் பெட்டைகள் தாமதமாகவே கூடு கட்டும் என்பது தள்ளிவைப்பை ஆதரிப்பவர்களின் வாதம். அங்கிருந்த வயதான வேட்டைக்காரர் ஒருவர் அதை ஏற்கவில்லை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 விழுக்காடு வரி கட்டி இந்தப் பறவையை மீட்டெடுத்தவர்கள் நாங்கள், எங்கள் பங்கைக் குறைக்கும் முன், முட்டையைத் தின்னும் ரக்கூன் விலங்கின் பங்கைக் குறையுங்கள் என்றார். தென்-நடு டென்னசியிலேயே டென்னசி பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், பருவத்தைத் தள்ளிவைத்ததால் கூடுகளின் வெற்றியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்பது அவர் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் அதை வைத்து ரக்கூனே குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட முடியாது என்பது என் கருத்து.

இனி இரண்டாவது வாக்குறுதி. வான்கோழி தரையில் கூடு வைப்பது. ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகளால் முதல் இரண்டு வாரம் சரியாகப் பறக்க முடியாது, தாயின் சிறகடியில் தரையிலேயே தூங்கும். ரக்கூன், ஒப்போசம், ஸ்கங்க், காகம், பாம்பு என்று முட்டைக்கு வரிசையில் நிற்பவை ஏராளம். ஆந்தையும் பருந்தும் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அவற்றைத் தொட முடியாது. ரக்கூன் தோலுக்கு 1970-களின் கடைசியில் இருந்த விலை விழுந்த பிறகு பொறி வைப்பவர்களும் அருகிப்போனார்கள். வழிகாட்டி கொட்டகையிலிருந்து ‘நாய் மாட்டாத பொறி’ ஒன்றை எடுத்து வந்து காட்டினார். உள்ளங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இரும்புக் குழாய். அடியில் தரையில் அடிக்கும் முளை, பக்கத்தில் சங்கிலி. குழாயின் அடியில் சிறு நெம்புகோல், அதன்மேல் இனிப்பு மார்ஷ்மெல்லோ. பூனைத் தீனி போட்டால் பண்ணைப் பூனைகள் வந்து மாட்டும் என்பதால் இனிப்பு. நாயின் பாதத்தால் உள்ளே போய்ப் பிடித்து இழுக்க முடியாது, ரக்கூனின் கை மட்டும் இழுக்கும். ஒரு குச்சியை விட்டு நெம்பினார். ‘டக்’கென்று சுருள்வில் விழுந்து குச்சியின் பட்டை உரிந்தது. தினமும் காலையில் எல்லாப் பொறிகளையும் நேரில் போய்ப் பார்க்கிறார்கள் என்பதற்கு நாள் போட்ட குறிப்பேடும் இருந்தது.

அந்தக் குறிப்பேட்டில்தான் முதல் ஓட்டை தெரிந்தது. பொறிகள் எல்லாம் டிசம்பரிலும் ஜனவரியிலும் வைத்தவை. தோலுக்காக விலங்கு பிடிக்க அனுமதிக்கும் ‘மென்மயிர்ப் பருவம்’ குளிர்காலம் என்பதால் அப்படி. ஆனால் குளிர்காலத்தில் காலியாகும் இடத்தை வசந்தத்துக்குள் அக்கம்பக்கத்து ரக்கூன்கள் நிரப்பிவிடும். பெட்டை முட்டையிடத் தொடங்குவதோ ஏப்ரலில். கூடு வைக்கும் காலத்துக்குச் சற்று முன்பும் அந்தக் காலத்திலும், பரந்த நிலத்தில், ஆண்டுதோறும் விடாமல் பிடித்தால்தான் பலன் உண்டு. விளம்பரத்தில் உள்ள ‘தொடர்ந்து’ என்ற சொல் அதனால் பொருந்தாது.

இரண்டாம் நாள் இதைவிடப் பெரிய குறையைப் பார்த்தேன். மறைகூடாரத்துக்குப் போகும் வழியில், காட்டோரத்தில், மானுக்கு மக்காச்சோளம் தூவும் தானியங்கித் தொட்டி ஒன்று மூன்று கால்களில் நின்றது. கீழே ஈரமண்ணில் குழந்தைகள் கைகளை ஊன்றி விளையாடியதைப் போல ஐந்து விரல் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. அத்தனையும் ரக்கூன். சோளம் அங்கங்கே கிடந்து பூசணம் பிடித்திருந்தது; அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு வான்கோழிக்கே ஆகாது. ஜனவரியில் பொறி வைத்துப் பிடிப்பதும் மற்ற மாதங்களில் சோளம் போட்டு வளர்ப்பதும் ஒரே ஆளின் வேலையாக இருந்தது. அதோடு, தீனியை முழுதாக அகற்றிப் பத்து நாள் ஆகும்வரை அந்த இடத்தில் வான்கோழி வேட்டையாடுவது டென்னசியில் குற்றம். கூடாரம் போதிய தூரத்தில் இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார், நான் அங்கே உட்கார மறுத்துவிட்டேன். முகம் கோணாமல் வேறு வயலுக்கு அழைத்துப் போனார் என்றாலும், அன்றைய காலை வேட்டை அதோடு வீணானது.

நிலத்தின் உரிமையாளரிடம் மாலையில் இதைக் கேட்டேன். இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்கு வருபவர்கள் தொட்டியை எதிர்பார்க்கிறார்கள் என்றார். அதே மூச்சில், என்னைத் தன் வண்டியில் ஏற்றி, பிப்ரவரியில் நெருப்பு வைத்து எரித்த நாற்பது ஏக்கரைக் காட்டினார். முன்பு அங்கே குஞ்சு நுழைய முடியாத அளவுக்கு அடர்ந்த ஃபெஸ்க்யூ புல் இருந்ததாம். இப்போது முழங்கால் உயரத்தில் பூச்செடிகளும் இடையிடையே வெற்று மண்ணும், தட்டினால் தெறிக்கும் வெட்டுக்கிளிகளும். தாய்க்கோழி குஞ்சுகளோடு ஒளிந்து மேயத் தோதான நிலம் அதுதான். அவர் செய்த வேலைகளிலேயே பெரியது இது; விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு அந்த எரித்த வயலின் ஓரத்தில் ஒரு முதிர்ந்த சேவல் எனக்குக் கிடைத்தது. குதிமுள் ஒரு அங்குலத்துக்கு மேல் வளைந்திருந்தது. உடல் சூடு ஆறும் முன்பே மாநில வனவிலங்கு முகமையின் செயலியில் பதிவு செய்ய வைத்து, உறுதி எண் வந்த பிறகுதான் வழிகாட்டி என் கையைக் குலுக்கினார்.

விதிகளைக் காப்பதில் இவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து, கூட்டைச் சூறையாடும் விலங்குகளைக் கட்டுப்படுத்துவதில் இரண்டு. வந்து சேர்ந்ததும் தொட்டியைப் பற்றியும் பொறி வைக்கும் மாதங்களைப் பற்றியும் உரிமையாளருக்கு விரிவாக எழுதினேன். மான் பருவம் முடிந்ததும் தொட்டிகளைக் கழற்றிவிடுவதாகவும், மார்ச்சுக்குப் பிறகு பொறி வைப்பதற்கான அனுமதியை முகமையிடம் விசாரிப்பதாகவும் பதில் வந்தது. அடுத்த ஏப்ரலுக்கு முன்பணம் கேட்டிருக்கிறார். தொட்டி இருந்த இடத்தின் புகைப்படம் வந்ததும் அனுப்புவேன்.